கோட்பாட்டு ஆய்வேட்டை மட்டும் நம்பலாமா? (சர்வதேச உறவுகள், அரசியல் சிந்தனை)

வேர்முனை:
சர்வதேச உறவுக் கோட்பாடும் அரசியல் சிந்தனை வரலாறும் சந்திக்கும் இடத்தில் முனைவர் பட்டம் செய்ய விரும்புகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து சேர்கிறார்கள்: முழுக்கக் கோட்பாட்டிலேயே நிற்கலாமா, தரவோ கள ஆய்வோ கொண்ட ஒரு பகுதியையும் சேர்க்க வேண்டுமா? ஆசிரியப் பணி வேண்டுமென்றால் சேர்த்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

காரணம், துறைகள் பிரிந்திருக்கும் விதம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அரசியல் அறிவியல் பொதுவாக நான்கு கிளைகளாக இருக்கிறது: அமெரிக்க அரசியல், ஒப்பீட்டு அரசியல், சர்வதேச உறவுகள், அரசியல் கோட்பாடு. பணியிட விளம்பரமும் கிளை வாரியாகத்தான் வரும். சர்வதேச உறவுக் குழு பாதுகாப்பு, சர்வதேசப் பொருளாதாரம், ஆய்வுமுறை ஆகியவற்றில் வகுப்பெடுக்கக்கூடியவரைத் தேடும். அரசியல் கோட்பாட்டுக் குழு பிளேட்டோவில் தொடங்கி 20ஆம் நூற்றாண்டின் ரால்ஸ் வரை நடத்தக்கூடியவரைத் தேடும். ஹாப்ஸ், காண்ட் போன்ற தத்துவவாதிகளை நாடுகளுக்கிடையிலான உறவு என்ற கோணத்தில் மட்டுமே படித்தவரை முதல் குழு தத்துவக்காரர் என்று ஒதுக்கும், இரண்டாவது குழு சர்வதேச உறவுக்காரர் என்று ஒதுக்கும்.

2013இல் ஐரோப்பிய சர்வதேச உறவுகள் ஜர்னல், "சர்வதேச உறவுக் கோட்பாடு முடிந்துவிட்டதா?" என்று கேட்டே ஒரு சிறப்பிதழ் கொண்டுவந்தது. எளிய கருதுகோள் சோதனைகள் கோட்பாட்டை ஓரங்கட்டிவிட்டன என்று அதில் அமெரிக்க சர்வதேச உறவு அறிஞர்கள் மியர்ஷைமரும் வால்ட்டும் எழுதினார்கள். அவர்கள் வருத்தத்தோடுதான் எழுதினார்கள். ஆனாலும் சந்தை நிலவரம் அதுதான்.

ஏடுபுரட்டி:
வேர்முனை, அந்தக் கட்டுரையைப் பாதி மட்டும் சொல்கிறீர்கள். கோட்பாடு பலவீனமாக இருந்தால் சோதனையும் பலவீனமாகும், எந்த மாறியை எதற்காகச் சேர்க்கிறோம் என்றே தெரியாமல் போகும் என்பதுதான் அவர்கள் வாதத்தின் மறுபாதி. ஆக, தரவுப் பகுதியை ஒட்டுப்போடுவது தீர்வே அல்ல.

துறை இன்னும் எதை வைத்து வாதாடுகிறது என்று பாருங்கள். கென்னத் வால்ட்ஸ் 1979இல் எழுதியது, ஹெட்லி புல் 1977இல் எழுதியது, அலெக்சாண்டர் வெண்ட் 1999இல் எழுதியது. மூன்றுமே கோட்பாட்டு நூல்கள். புள்ளிவிவரப் பகுப்பாய்வை நம்பி நிற்கும் நூல் இதில் ஒன்றுகூட இல்லை.

இன்னொன்று, நீங்கள் அமெரிக்காவையே உலகமாக எடுத்துக்கொண்டீர்கள். இந்தத் துறைக்கான முதல் பேராசிரியர் பதவி 1919இல் வேல்ஸில் அபெரிஸ்ட்வித்தில் உருவானது. பிரிட்டனில் பல இடங்களில் சர்வதேச உறவுகள் தனித் துறை. கோட்பாடு அங்கே வெளியாள் அல்ல, வீட்டுக்காரர்.

வேர்முனை:
நீங்கள் சொன்ன வெண்டையே எடுத்துக்கொள்வோம். முனைவர் பட்டம் 1989. அராஜகம் (நாடுகளுக்கு மேல் ஓர் அதிகாரம் இல்லாத நிலை) என்பது நாடுகள் ஆக்கிக்கொள்வது என்று வாதிட்ட கட்டுரை 1992. புத்தகம் 1999. பட்டத்துக்கும் புத்தகத்துக்கும் பத்து ஆண்டு. நடுவில் அவரைத் தாங்கியவை கட்டுரைகள்.

பிரிட்டிஷ் சர்வதேச உறவு அறிஞர் மார்ட்டின் வைட்டைப் பாருங்கள். வாழ்நாளில் சர்வதேச உறவுகள் பற்றி அவர் வெளியிட்டது கொஞ்சம்தான்: 1946இல் ஒரு சிறு நூல், சில கட்டுரைகள். 1972இல் இறந்தார். புகழ்பெற்ற கோட்பாட்டு விரிவுரைகள் புத்தகமானது 1991இல். இன்றைய எந்தப் பதவி உயர்வுக் குழுவும் அப்படி ஒருவரைக் காத்திருந்து வைத்துக்கொள்ளாது. அந்தக் காலத்துப் பெயர்களைக் காட்டி இன்று வருபவரை இறக்கிவிடுவது நியாயமில்லை.

ஏடுபுரட்டி:
வைட் விஷயத்தில் சரி. ஆனால் பிரிட்டனின் 2021 பல்கலைக்கழக ஆய்வு மதிப்பீட்டுச் சுற்றில் ஒருவரிடம் கேட்டது குறைந்தது 1, அதிகபட்சம் 5 வெளியீடுகள். துறைக்குச் சராசரி, முழுநேரப் பணியிடத்துக்கு 2.5. தனி நூலை இரண்டு வெளியீடாகக் கணக்கிடச் சொல்லி விண்ணப்பிக்கவும் வழி இருந்தது. நூல் எழுதும் கோட்பாட்டாளரை அந்த முறை விரட்டவில்லை.

திசைமானி:
இருவரும் வேலைச் சந்தையைப் பேசுகிறீர்கள். ஆய்வேடுகள் சந்தைக்குப் போகும் முன்பே எங்கே உடைகின்றன என்பதைப் பார்ப்போம்.

அதிகம் உடைவது "இன்னாரின் பார்வையில் இன்ன பிரச்சினை" என்ற அமைப்பில். ஒரு சிந்தனையாளரை எடுத்து ஒரு சமகால நிகழ்வின் மேல் பொருத்துவார்கள். மதிப்பாய்வாளர் ஒரே கேள்விதான் கேட்பார்: அந்தச் சிந்தனையாளர் இல்லாமலே இதே முடிவுக்கு வந்திருக்க முடியாதா? அதற்குப் பதில் சொல்ல முடியாவிட்டால் கட்டுரை போச்சு.

அடுத்தது, பாடநூலில் படித்த மூல ஆசிரியர். ஹாப்ஸை சர்வதேச அராஜகத்தின் கோட்பாட்டாளர் என்று எழுதுவோர் அவருடைய 1651ஆம் ஆண்டு நூலான லெவியாதனின் 13ஆம் அத்தியாயத்தைக் காட்டுவார்கள். மன்னர்கள் வாள்வீரர்களைப் போல ஒருவரையொருவர் முறைத்து நிற்கிறார்கள் என்பது அங்கே உண்டு. ஆனால் அடுத்த வாக்கியத்திலேயே, அந்த நிலையால் குடிமக்களின் தொழில் காக்கப்படுவதால் தனிமனிதருக்கு நேரும் துயரம் இங்கே நேர்வதில்லை என்றும் சொல்லிவிடுகிறார். அதைப் படிக்காமல் அனுப்பிய கட்டுரை, பெரும்பாலும் மதிப்பாய்வுக்கே போகாமல் ஆசிரியர் மேசையிலிருந்தே திரும்பும். பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸும் அப்படியே. மெலோஸ் என்ற சிறு தீவைப் பணியச் சொல்லும் மெலோஸ் உரையாடலில் ஏதென்ஸ் தூதர்கள் பேசுவதை அவருடைய சொந்தக் கருத்தாக எடுத்துக்கொள்வார்கள். அதைத் தொடர்ந்து 6, 7ஆம் புத்தகங்களில் ஏதென்ஸ் சிசிலியில் சந்திக்கும் பேரழிவை மறந்துவிடுவார்கள்.

கௌடில்யருக்கும் இதே கதி. அண்டை நாடு பகை, அதற்கு அடுத்தது நட்பு என்று வகுக்கும் அவருடைய மண்டலக் கோட்பாட்டைக் கண்டதும் "இந்திய யதார்த்தவாதம்" (அதிகாரப் போட்டியை மையமாக வைக்கும் பார்வை) என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிடைத்த ஏட்டிலிருந்து 1909இல் அச்சான நூல் அவருடைய அர்த்தசாஸ்திரம். காலமும் ஆசிரியரும் இன்னும் விவாதத்தில் இருக்கின்றன. அதைச் சொல்லாமல் 20ஆம் நூற்றாண்டு யதார்த்தவாதி மார்கெந்தோவோடு ஒப்பிட்டால், சமஸ்கிருதம் தெரிந்த மதிப்பாய்வாளர் முதல் பக்கத்திலேயே நிறுத்துவார்.

மூன்றாவது, வால் அத்தியாயம். ஐந்து அத்தியாயம் சிந்தனை வரலாறு, ஆறாவதில் "இன்றைய சர்வதேச உறவுகளுக்கு இதன் பொருள்" என்று முப்பது பக்கம். சிந்தனை வரலாற்றாளர் ஸ்கின்னர் 1969இல் எழுதியதை ஏற்கும் வரலாற்றுக்காரர் அந்த ஆறாவதை வெட்டச் சொல்வார். ஒரு நூல் தன் காலத்துக் கேள்விக்குப் பதில் சொல்கிறது, நம் கேள்விக்கு அல்ல என்பது அவர் நிலை. சர்வதேச உறவுக்காரரோ முதல் ஐந்தைச் சுருக்கச் சொல்வார். இரண்டு தேர்வாளரும் எதிரெதிரே இழுத்தால் திருத்தத்துக்கே ஓர் ஆண்டு போய்விடும்.

இளவேனில்:
அப்படியானால் இந்தச் சந்திப்பில் வெற்றிகரமான ஆய்வு எப்படி இருக்கும்? ஓர் உதாரணம் கிடைக்குமா?

திசைமானி:
சர்வதேச உறவு அறிஞர் ஒஸியாண்டர், முப்பதாண்டுப் போரை முடித்த வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கைகள் பற்றி 2001இல் எழுதிய கட்டுரை. 1648 உடன்படிக்கைகளில்தான் இறையாண்மை நாடுகளின் அமைப்பு பிறந்தது என்று துறை பரவலாக நம்பியது. லியோ கிராஸ் 1948இல் எழுதிய கட்டுரை அந்த நம்பிக்கைக்குப் பெரும் ஊன்று. ஒஸியாண்டர் உடன்படிக்கை வாசகங்களையே எடுத்தார். அங்கே இருப்பது புனித ரோமானியப் பேரரசின் உள் ஏற்பாடு. இளவரசர்கள் கூட்டணி வைக்கலாம், ஆனால் பேரரசருக்கும் பேரரசுக்கும் எதிராகக் கூடாது. வரலாற்று வேலையும் கோட்பாட்டு வேலையும் அதில் ஒன்றே, தனியாக வால் கிடையாது. வந்ததும் துறையின் முன்னணி இதழ் ஒன்றில்.

வேர்முனை:
நான் சொன்னதும் இதுதானே! அது ஆதாரத்தின் மேல் நிற்கும் வேலை. வெறும் கருத்துப் பொழிப்பு அல்ல.

ஏடுபுரட்டி:
இல்லை. நீங்கள் கேட்டது தரவுப் பகுதி. அவர் செய்தது மூலப்பாட வாசிப்பு. இரண்டுக்கும் தேவையான பயிற்சி வேறு. மாணவர் நான்காவது ஆண்டில் பதற்றப்பட்டு ஒரு பின்னடைவுப் பகுப்பாய்வை (மாறிகளுக்கிடையிலான தொடர்பை அளக்கும் புள்ளிவிவர முறை) ஒட்டவைத்தால் புள்ளிவிவரக்காரர் அதைக் கிழிப்பார், மூலப்பாடமும் அரைகுறையாக நிற்கும். அந்த நேரத்தை மொழிக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். சர்வதேசச் சட்டச் சிந்தனையாளர்களான குரோஷியஸுக்கு லத்தீன், வாட்டெலுக்குப் பிரெஞ்சு, காண்ட்டுக்கு ஜெர்மன். அகராதியோடு லத்தீன் படிக்கவே இரண்டு ஆண்டு பிடிக்கும். அதனால் முதல் ஆண்டிலேயே தொடங்க வேண்டும்.

வேர்முனை:
மொழி வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மொழி வேலை வாங்கித் தராது, ஆய்வேட்டைக் காப்பாற்றும், அவ்வளவுதான். அமெரிக்க விளம்பரங்களில் பெரும்பகுதி ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை வரும். இரண்டு பக்கக் கடிதம், தன்விவரம், மூன்று பரிந்துரைகள், ஒரு எழுத்து மாதிரி. கோட்பாட்டாளர்கள் சறுக்குவது எழுத்து மாதிரியில். முதல் அத்தியாயத்தை அனுப்புவார்கள், அது முழுக்க முன்னாய்வுச் சுருக்கமாக இருக்கும். வாதம் நடக்கும் அத்தியாயத்தை, தனியாகப் படித்தாலும் விளங்கும்படி வெட்டி அனுப்ப வேண்டும். அதோடு, சர்வதேச உறவுகள் அறிமுகப் பாடமும் இன்னொரு நடைமுறைப் பாடமும் எடுக்கத் தயார் என்பதற்கு வகுப்புத் திட்டம் கையில் இருக்க வேண்டும். ஒரு கள அத்தியாயம் இருந்தால் அந்த இரண்டாவது பாடத்தை நம்புவார்கள். என் வாதத்தின் உயிர் அங்கேதான்.

இளவேனில்:
உடனே நிரந்தரப் பணி கிடைக்காவிட்டால்?

திசைமானி:
போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி. பிரிட்டனின் லெவர்ஹியூம், பிரிட்டிஷ் அகாடமி நல்கைகள் மூன்று ஆண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி நல்கைக்கு முனைவர் பட்டத்துக்குப் பின் ஆய்வு அனுபவம் 8 ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது, போகும் நாட்டில் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. இரண்டாவது விதியைக் கவனிக்காமல் முன்கூட்டியே குடிபெயர்ந்து தகுதி இழப்பவர்கள் உண்டு.

போஸ்ட்டாக்கில் புதுத் திட்டம் எழுதிக்கொடுத்துவிட்டு, உண்மையில் ஆய்வேட்டைப் புத்தகமாக்குவதிலேயே காலம் போகும். அதையும் அட்டவணையில் வையுங்கள். பல்கலைக்கழகப் பதிப்பகத்துக்கு முன்மொழிவு, மாதிரி அத்தியாயங்கள், வழக்கமாக இரண்டு வெளி மதிப்பாய்வாளர், பிறகு குழு ஒப்புதல். ஒப்பந்தம் வரையே ஓர் ஆண்டு ஆகலாம், அச்சுக்கு இன்னோர் ஆண்டு. அமெரிக்காவில் ஆறாம் ஆண்டில் நிரந்தரப் பணிக்கான மதிப்பீடு என்றால், கைப்பிரதி மூன்றாம் ஆண்டு முடிவில் பதிப்பகத்தில் இருந்தாக வேண்டும்.

ஏடுபுரட்டி:
இளவேனில், பிரிட்டனில் படிப்பதாக இருந்தால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாய்மொழித் தேர்வுக்குப் பொதுவாக இரண்டு தேர்வாளர். வெளித் தேர்வாளர் சிந்தனை வரலாற்றுக்காரரா சர்வதேச உறவுக்காரரா என்பதைக் கடைசி ஆண்டு வரை தள்ளாதீர்கள். எந்தத் துறையில் வேலை தேடப்போகிறீர்களோ அந்தத் துறைக்காரரைக் கேளுங்கள், பிறகு பரிந்துரைக் கடிதம் கேட்கும் உறவாகவும் அது வளரும். வேர்முனை சொல்லும் கள அத்தியாயத்தை மட்டும் நான் இன்னும் ஏற்கவில்லை.