பல் மருத்துவமனைப் பெண்களுக்கு என்ன செய்யலாம்? யோசனை சொல்லுங்க

வணக்கமுங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கம் சின்னதாக ஒரு பல் மருத்துவமனை நடத்துகிறோம். மனைவிதான் டாக்டர். உதவிக்கு இரண்டு பெண்கள், வரவேற்பில் ஓர் அக்கா. நான் கணக்கு வழக்கு பார்ப்பவன், அவ்வளவுதான்.

மார்ச் 8 மகளிர் தினம், 20 உலக வாய்நல தினம். வருடா வருடம் கேக் வெட்டி, ஆளுக்கொரு பேனா கொடுத்து முடித்துவிடுவேன். போன வருடத்துப் பேனா பிரிக்காமலே டிராயரில் கிடந்ததைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது.

போன வாரம் ஆறு வயதுப் பையன் ஒருவன் வாயையே திறக்கவில்லை. உதவிக்கு நின்ற பெண் ஒரு கையில் எச்சில் உறிஞ்சும் குழாய், மறு கையில் அவன் விரல். "சாமி, பத்து எண்ணு, முடிஞ்சிரும்" என்றார். ஏழு எண்ணுவதற்குள் பல் வெளியே. விடிகாலையில் மாடு கறந்து, சொசைட்டியில் பால் ஊற்றி, பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டு வந்து, கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் போடுகிறவர் அவர். 121 டிகிரி, 15 நிமிடம். ஒரு நாளும் குறைத்ததில்லை.

1866இல் அமெரிக்காவில் பல் மருத்துவப் பட்டம் வாங்கிய முதல் பெண் லூசி ஹாப்ஸ். பெண் என்றே முதலில் கல்லூரியில் சேர்க்க மறுத்தார்களாம். அதைப் பலகையில் எழுதலாமா என்றேன். "எங்கம்மாவப் பத்தி எழுதுங்க" என்றார் வரவேற்பு அக்கா!

பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயில் குண்டத்துக்கு (தீமிதி) சம்பளத்தோடு லீவு, அது உறுதி. அப்புறம்? அவர்களின் அம்மா, மாமியாருக்கு இலவசமாகப் பல் பார்க்கலாம் என்றால், அதற்கும் இவர்கள்தானே வேலை செய்யணும்?

பட்ஜெட் ஆறாயிரம். புடவை மட்டும் வேண்டாமுங்க, எனக்கு நிறம் எடுக்கத் தெரியாது.