வாழ்க்கைத் திட்டம் எழுத உதவியவர்களும் எழுதியவர்களும்: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

இளையோர் வழிகாட்டி:

பராமரிப்பு இல்லத்திலிருந்து 18 வயதில் வெளியேறுகிறவர்கள், படிப்பைப் பாதியில் விட்டவர்கள் ஆகியோருடன் உட்கார்ந்து வாழ்க்கைத் திட்டம் எழுதுவது என் வேலை. ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். மருத்துவமனையில் செவிலிய உதவியாளராக வேண்டும் என்பது அவள் விருப்பம். பயிற்சி, தேர்வு, வேலை என்று எல்லாவற்றையும் அழகாக வரிசைப்படுத்திக் கொண்டு வந்திருந்தாள். படித்துப் பார்த்துவிட்டு, "தம்பிக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு வகுப்பு என்ன ஆகும்?" என்று கேட்டேன். தம்பியைப் பார்த்துக்கொள்ள அவளை விட்டால் ஆள் கிடையாது.

"அதையெல்லாம் இதில் எழுதலாமா அக்கா?" என்றாள்.

அதைத்தான் எழுத வேண்டும். பெற்றோரும் சேமிப்பும் பின்னால் இருக்கிற பிள்ளைக்கு ஒரு வாரம் தவறினால் வீடு தாங்கிக்கொள்ளும். இவளுக்கு ஒரு நாள் தவறினால் வருகைப்பதிவு போகும், அதோடு உதவித்தொகை போகும், பிறகு பயிற்சியே போகும். ஆகவே, "தம்பிக்கு உடம்பு முடியாமல் போனால், வகுப்பு தொடங்கும் முன்பே ஆசிரியரை அழைத்துச் சொல்வேன், அன்றைய பாடக்குறிப்பைப் பக்கத்து இருக்கைத் தோழியிடம் வாங்குவேன்" என்று எழுதினோம். வேலையிடத்தில் நேரம் மாற்றினால், தங்குமிடம் பறிபோனால் என்று அந்தப் பக்கம் நிறைந்தது. 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவு செய்துவைப்பவர்கள், வெறும் நோக்கத்தோடு நிற்பவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் வெளியிட்ட கட்டுரையில் ஆய்வுகளோடு விளக்கியிருக்கிறார். பயிற்சி நடந்த ஆண்டில் அவளுக்கு அந்த வரிகளில் பெரும்பாலானவை தேவைப்பட்டன. பயிற்சியை முடித்துவிட்டாள்.

நீங்கள் பார்த்தவற்றையும் எழுதுங்கள்.

பட்டறைப் பயிற்றுநர்:

என்னிடம் வருகிறவர்கள் சட்டத்தின் பிடியில் ஒருமுறையாவது சிக்கிய பையன்கள். "ஐந்து ஆண்டு கழித்து என்னவாக இருப்பாய்?" என்ற கேள்வி அவர்களிடம் செல்லாது. ஒரு பையன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "சரி, என்னவாக ஆகிவிடக் கூடாது?" என்று கேட்டதும் நிமிர்ந்தான். அண்ணனைப் போல உள்ளே போய்விடக் கூடாது, மகன் பிறந்தால் அவன் தன்னைக் கண்டு பயப்படக் கூடாது என்று நிறுத்தாமல் பேசினான்.

ஆய்வாளர்கள் ஹேசல் மார்கஸும் பவுலா நூரியஸும் 1986இல் எழுதிய கட்டுரையில், ஒருவர் தாம் ஆக விரும்பும் உருவத்தையும் ஆக அஞ்சும் உருவத்தையும் மனத்தில் சுமக்கிறார், இரண்டுமே அவரை நடத்துகின்றன என்று வாதிட்டார்கள். 1990இல் டாஃப்னா ஓய்சர்மனும் மார்கஸும் செய்த ஆய்வு இன்னும் நெருக்கமானது. குற்றச்செயல்களில் ஈடுபட்ட இளையோரிடம், அச்சத்துக்கு எதிரே அதே துறையில் ஓர் எதிர்பார்ப்பு நிற்பது குறைவாக இருந்தது. 'சிறைக்குப் போகக் கூடாது' என்ற பயம் மட்டும் இருந்தது. அந்த இடத்தில் வேறு என்னவாக இருப்பது என்பதற்கு உருவம் இல்லை.

அதனால் அவன் சொன்ன ஒவ்வொரு அச்சத்துக்கும் எதிரே ஒரு வரி எழுதச் சொன்னேன். 'உள்ளே போகக் கூடாது' என்பதற்கு எதிரே வெகுநேரம் யோசித்து, 'வெல்டிங் சான்றிதழ்' என்று எழுதினான். இன்னும் அவன் முடிக்கவில்லை. இரண்டு முறை நின்றுபோய்த் திரும்ப வந்திருக்கிறான். வருகிறான் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

இல்லத்தில் வளர்ந்தவன்:

நான் மேசையின் மறுபுறம் இருந்தவன். என் எதிர்காலம் பற்றிய கூட்டத்தில் என்னைத் தவிர எல்லோரும் பேசினார்கள். தையல் பயிற்சி என்று முடிவானது. அங்கே இடம் காலியாக இருந்ததுதான் காரணம். எனக்குக் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கப் பிடிக்கும் என்பது இல்லத்தில் எல்லோருக்கும் தெரியும். தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு, வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப அதற்கு மதிப்புத் தர வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு சொல்கிறது. பின்னாளில் அதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அது இன்னும் தணியவில்லை.

பிறகு வேறோர் அக்கா வந்தார். வேலை, படிப்பு எதையும் கேட்கவில்லை. "இரவு பத்து மணிக்கு நீ அழைத்தால் எடுக்கக்கூடியவர்கள் யார் யார்? பெயர்களை எழுது" என்றார். ஒரே ஒரு பெயர் எழுதினேன், அதையும் அடித்துவிட்டேன். அவர் அந்தத் தாளை வைத்துக்கொண்டு, என் பழைய கணித ஆசிரியரையும் ஒரு பழுதுபார்க்கும் கடைக்காரரையும் தேடிப் பேசினார். இருவரும் சம்மதித்தார்கள். என் முதல் வேலை அந்தக் கடையில்தான்.

இன்னொன்று: பிறப்புச் சான்றிதழும் பள்ளிச் சான்றிதழும் கையில் இல்லாதவனுக்கு எந்தத் திட்டமும் ஓடாது. முதல் வாரத்திலேயே அவற்றுக்கு விண்ணப்பிக்க வையுங்கள்.

இளையோர் வழிகாட்டி:

தம்பி, அந்த அக்கா செய்தது மிகச் சரி. ஜாக் பியர்பாயிண்ட், ஜான் ஓ'பிரையன், மார்ஷா ஃபாரஸ்ட் ஆகியோர் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய 'பாத்' (PATH) என்ற திட்டமிடல் முறையில் இதற்கென்றே ஒரு படி இருக்கிறது. முதலில் பெரிய கனவு, பிறகு அது நிறைவேறிய ஒரு நாளிலிருந்து பின்னோக்கிப் பார்ப்பது, பிறகு இன்றைய நிலை. அடுத்ததாக, யார் யாரைக் கூடச் சேர்த்துக்கொள்வது. அதில் வரும் பெயர்களைச் சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டு உறுதி செய்த பிறகே நான் எழுத விடுகிறேன்.

திட்டத்தை யார் வைத்திருப்பது என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். திட்டம் யாருடையதோ, அசல் அவரிடமே, அவருடைய கையெழுத்தில். அவர் சம்மதித்தால் மட்டும் நம்மிடம் ஒரு நகல்.