கரிசல் மண்ணில் நடைபாதை ஓரத்துக்கு எந்தக் கல்? கடப்பாவா, கருங்கல்லா, கூழாங்கல்லா?

கேள்வி: புதுவீட்டுக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். அருப்புக்கோட்டைக்கு வெளியே 6 சென்ட் இடத்தில் வீடு கட்டி, தைப்பூசத்தன்று பால் காய்ச்சினோம். கேட்டிலிருந்து வாசற்படி வரை 40 அடி. நடுவில் 4 அடி அகலத்துக்குப் பாதை விட்டிருக்கிறேன். இப்போதைக்கு சரள் மண் கொட்டி மிதித்து வைத்திருக்கிறது. இரண்டு பக்கமும் செடி வைக்க வேண்டும். மனைவிக்கு இட்லிப்பூ, செம்பருத்தி, நந்தியாவட்டை. அம்மாவுக்குக் கேட்டை ஒட்டி ஒரு மல்லிகைப் பந்தல். எனக்கு ஒரு முருங்கை. அதற்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.

பாதைக்கும் செடிப்பாத்திக்கும் நடுவே அழகாக ஒரு கல் வரிசை வைக்கலாம் என்று கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடையில் கடப்பா கல்லைப் பட்டை பட்டையாக அறுத்து நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள். இன்னொரு கடையில் சிமெண்டில் வார்த்த ஓரக்கல் காட்டினார்கள். சிவப்பு, மஞ்சள் என்று பெயிண்டே அடித்து வருகிறது. வெள்ளைக் கூழாங்கல் மூட்டையில் கிடைக்கிறது, ஆனால் விலையைக் கேட்டதும் வெளியே வந்துவிட்டேன். கொத்தனாரைக் கேட்டால், "செங்கல்லைச் சாய்த்து நட்டு, ஒன்று விட்டு ஒன்று காவியும் சுண்ணாம்பும் அடித்துவிடலாம் சார்" என்கிறார். தாலுகா ஆபீஸ் மாதிரி இருக்கும் என்று வீட்டில் மறுத்துவிட்டார்கள்.

எங்கள் மண் சுத்தமான கரிசல். அப்பாவுக்கு 74 வயது, கைத்தடியோடுதான் நடப்பார். அவர் தடுக்கி விழாத மாதிரி இருக்க வேண்டும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

பதில் 1: மாடித்தோட்டம்

வெள்ளைக் கூழாங்கல் வேண்டாம். பக்கத்தில் வேப்பமரம் இருந்தால் முதல் பங்குனியிலேயே வெள்ளை போய்விடும். எங்கள் வீட்டில் கூட்டுமாறு போட்டால் சருகை விட்டுக் கல்தான் உருண்டு வந்தது. கடைசியில் சல்லடையில் போட்டு அலசினோம். இன்னும் ஒன்று: கல்லைக் குவியலாகப் போட்டால் அடியில் தேளும் பூரானும் குடியேறும். எங்களுக்கு ஒரு நட்டுவாக்காலியே வந்தது. பெரியவர் நடமாடுகிற பாதை என்பதால் சொல்கிறேன்.

---

பதில் 2: சாத்தூர் பழைய மேஸ்திரி

தம்பி, எல்லோரும் கல்லின் முகத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். கரிசலில் கல்லின் காலைப் பார்த்து வாங்க வேண்டும். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, ஏனென்றால் 30 வருஷம் ஊரார் வீட்டுக்கெல்லாம் கட்டிவிட்டுச் சொந்த வீட்டில் நானே ஏமாந்தேன்.

மகள் கல்யாணத்துக்கு வீட்டை மராமத்துப் பார்த்தபோது வாசலில் 30 அடிக்குக் கடப்பா பட்டை நட்டேன். 6 அங்குல உயரம், 1 அங்குலக் கனம், மேல் விளிம்பில் பாலிஷ். அடியில் சிமெண்ட் கலவை போட்டு நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து, ஒரு கல் கூடப் பிசகாமல் நிறுத்தினேன். கல்யாணத்துக்கு வந்தவர்கள் பட்டுப்புடவைக் கரை மாதிரி இருக்கிறது என்றார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

அடுத்த சித்திரை, வைகாசியில் மண் வெடித்தது. கரிசல் வெடிப்பு உனக்குத் தெரியும், கையை விட்டால் முழங்கை வரை போகும். என் சிமெண்டுப் பட்டைக்கு அடியில் பல இடத்தில் மண்ணே இல்லை, அந்தரத்தில் தொங்கியது. அப்புறம் ஐப்பசி மழை. தண்ணீர் குடித்த கரிசல் மாவு மாதிரி உப்பிக்கொண்டு மேலே வந்தது. தை மாதம் பார்த்தால் 6, 7 அடிக்கு ஒரு இடத்தில் பட்டை ஒடிந்திருந்தது. கல் ஒன்று கிழக்கே பார்க்கிறது, அடுத்தது மேற்கே பார்க்கிறது. மீதிக்குப் பேரன் சைக்கிளை விட்டு இரண்டை உடைத்தான்.

இதில் கல்லின் மேல் குற்றமில்லை, கொத்தனாரின் மேல்தான். கரிசல் மண்ணில் இருக்கிற களி தண்ணீரைக் கண்டால் பெருக்கும், காய்ந்தால் சுருங்கும். வருஷா வருஷம் இது நடக்கத்தான் செய்யும். பெரிய கட்டடத்துக்கு அடித்தளத்தை ஆழமாகக் கொண்டுபோய் இதைச் சமாளிக்கிறோம். ஒரு ஓரக்கல்லுக்கு அவ்வளவு செய்ய முடியுமா? அதனால் மண்ணோடு மல்லுக்கு நிற்காதே. மண் ஏறும்போது கல்லும் ஏறட்டும், இறங்கும்போது இறங்கட்டும். தனித்தனிக் கல்லாக, சிமெண்ட் இல்லாமல், ஜல்லிப் படுகையில் உட்கார வை. எது சாய்ந்தாலும் கடப்பாரையால் நெம்பி எடுத்து, அடியில் ஒரு கை கல்தூள் போட்டுத் திரும்ப உட்கார வைக்கலாம். அரை மணி நேர வேலை.

நான் இரண்டாவது முறை செய்ததைச் சொல்கிறேன். காம்பவுண்டுச் சுவருக்குப் போடுவார்களே, அந்தச் சைஸ் கருங்கல். 9 அங்குல நீளம், 8 அங்குல உயரம், 5 அல்லது 6 அங்குலக் கனம். முகம் மட்டும் ஓரளவு சமமாக இருந்தால் போதும், மற்ற பக்கம் கரடுமுரடாக இருப்பதுதான் நல்லது. மண்ணைக் கவ்விப் பிடிக்கும். 9 அங்குல அகலத்துக்கு, 8 அங்குல ஆழத்துக்கு வாய்க்கால் மாதிரி தோண்டு. எடுத்த கரிசலைத் திரும்ப அதற்குள்ளேயே போடாதே, செடிப்பாத்திக்குத் தள்ளு. அடியில் 4 அங்குலத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி, அதன் இடுக்கு நிறைய கிரஷர் தூள் (கல் உடைக்கிற இடத்தில் கிடைக்கும் தூள்), தண்ணீர் தெளித்துத் திம்சுக் கட்டையால் இடித்து இறுக்கு. அதன் மேல் கல். பாதிக்கல் உள்ளே, பாதிக்கல் வெளியே. கல்லின் இரண்டு பக்கமும் தூளை அள்ளிப் போட்டு இடித்துவிட்டால் யானை மிதித்தாலும் அசையாது என்று சொல்ல மாட்டேன், தண்ணீர் லாரி ஏறினால் அசையும். ஆள் நடந்தால் அசையாது.

உன் கணக்கு: இரு பக்கமும் சேர்த்து 80 அடி. கல்லுக்குக் கல் அரை அங்குலம் இடைவெளி விட்டால் 101 கல் வரும். உடைசலுக்குச் சேர்த்து 110 வாங்கு. அடிப்படுகைக்கு மட்டும் ஜல்லியும் தூளும் சேர்ந்து 20 கன அடி, அதாவது ஒரு யூனிட்டில் (100 கன அடி) ஐந்தில் ஒரு பங்கு. இதற்கென்று லாரி பிடித்தால் வாடகை சரக்கை விட அதிகமாகிவிடும், பக்கத்தில் எங்கேயாவது கட்டட வேலை நடந்தால் சொல்லிவைத்து வாங்கிக்கொள். கல்லுக்கும் ஒரு யோசனை சொல்கிறேன். பழைய வீடு இடிக்கிற இடத்தில் அஸ்திவாரக் கல் கிடக்கும். நான் எடுத்தது அப்படித்தான். பல வருஷம் மண்ணுக்குள் கிடந்த கல்லுக்கு ஒரு நிறம் வரும், அது புதுக் கல்லில் வராது.

அந்த அரை அங்குல இடைவெளியைப் பூச வேண்டாம். பூசினால் உன் பாதை ஓடையாகிவிடும். கார்த்திகை மழையில் எங்கள் தெருவில் ஒருவர் வீட்டு வாசலில் காகிதக் கப்பல் விட்டார்கள், விளையாட்டாகச் சொல்லவில்லை. பாதையின் நடுவை ஓரத்தை விட 1 அங்குலம் உயர்த்தி வை. தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து, கல் இடுக்கு வழியாகச் செடிக்குப் போகும்.

அப்பாவைப் பற்றிக் கேட்டாய். தடுக்கி விழ வைப்பது உயரமான கல் இல்லை, 1 அங்குலம், 2 அங்குலம் துருத்திக்கொண்டிருக்கிற கல்தான். கண்ணுக்கும் தெரியாது, கால் விரலுக்கும் தப்பாது. ஒன்று 4 அங்குலம் நன்றாகத் தெரிய நிற்கட்டும், இல்லாவிட்டால் தரையோடு தரையாகப் படுக்கட்டும். அவர் பாதையைக் கடந்து பந்தலுக்குப் போகிற இடத்தில் மட்டும் 3 அடிக்குக் கல்லைத் தரைமட்டமாக இறக்கிவிடு.

---

பதில் 3: புதுக்கோட்டை அக்கா

மேஸ்திரி சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. செடியின் பக்கமிருந்து மட்டும் கொஞ்சம்.

தம்பி, இட்லிப்பூவுக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். கரிசலில் ஏற்கெனவே சுண்ணாம்பு அதிகம், தோண்டினால் சுக்கான்கல் வரும் பார்த்திருப்பீர்கள். அதோடு சிமெண்ட் ஓரமும் சேர்ந்தால் மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு இறங்கிக்கொண்டே இருக்கும். நரம்பு மட்டும் பச்சையாக இருந்து இலை வெளுக்கும். உரம் போதவில்லை என்று யூரியாவைக் கொட்டுவார்கள், பலன் இருக்காது. இரும்புச் சத்து மண்ணில் இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது, அதுதான் காரணம். என் அத்தை வீட்டில் சுவரை ஒட்டி வைத்த 5 இட்லிப்பூவும் இப்படித்தான் மஞ்சளாகி நின்றது. 3 அடி தள்ளி, செம்மண்ணும் மக்கிய இலையும் போட்டு நட்ட ஒன்று மட்டும் செக்கச்செவேல் என்று பூக்கிறது. கடப்பாவும் சுண்ணாம்புக்கல் வகைதான், ஆனால் கெட்டியான கல், சிமெண்ட் அளவுக்குக் கசியாது. கருங்கல் என்றால் அந்தக் கவலையே இல்லை.

எங்கள் பக்கம் செம்புறாங்கல். நான் பாதை ஓரத்துக்கு அதைத்தான் போட்டேன். வெட்டி எடுக்கும்போது மெத்தென்று இருக்கும், காற்றும் வெயிலும் பட்டால் இறுகிவிடும். பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மலபாரில் அங்காடிப்புரம் பக்கம் மக்கள் இதைச் செங்கல் போல வெட்டி எடுப்பதைப் பார்த்துவிட்டு, 1807இல் வந்த தன் பயண நூலில் லேட்டரைட் என்று பெயர் வைத்தார். லத்தீனில் லேட்டர் என்றால் செங்கல். நம்மவர்கள் அதற்கு முன்பே பெயர் வைத்திருந்தார்கள், அது வேறு விஷயம்.

மழைக்காலத்தில் செம்புறாங்கல்லில் பாசி பிடிக்கும். எனக்கு அந்தப் பச்சை பிடிக்கும், என் கணவருக்குப் பிடிக்காது. வழுக்கும் என்பதால் மேலே கால் வைக்கக் கூடாது. உங்கள் ஊருக்கு இதை லாரியில் கொண்டுவரத் தேவையில்லை. உள்ளூர்க் கல்லையே போடுங்கள்.

சொட்டுநீர்க் குழாய் போடுவதாக இருந்தால் கல் நடுவதற்கு முன்னால் பாதைக்குக் குறுக்கே ஒரு பிவிசி குழாயைப் புதைத்துவிடுங்கள். நான் மறந்துபோய்ப் பாதையைத் தோண்டினேன்.

---

பதில் 4: மாடித்தோட்டம்

ஒரு சின்னச் சந்தேகம். பின்னால் பாதைக்குப் பேவர் பிளாக் போடலாம் என்று நினைத்தால்? அப்போதும் சிமெண்ட் இல்லாமல் தாங்குமா?

---

பதில் 5: சாத்தூர் பழைய மேஸ்திரி

நல்ல கேள்விதான். பேவர் பிளாக் ஒன்றையொன்று நெருக்கித்தான் நிற்கும், ஓரத்தில் பிடிமானம் இல்லாவிட்டால் வெளிவரிசை நகர்ந்து எல்லாம் பல்லிளிக்கும். அதற்கு ஓரக்கல் அழகுக்கு இல்லை, அவசியத்துக்கு. கார் ஏறுகிற இடமென்றால் நான் சொன்ன உலர்ந்த வரிசை தாங்காது. வெறும் நடைபாதைக்குத் தாங்கும், ஆனால் கல்லைப் பாதிக்குப் பதில் முக்கால்வாசி புதைத்துவிடு. அதற்கேற்ப வாய்க்காலை 2 அங்குலம் கூடுதலாகத் தோண்டு. தம்பி வீட்டில் கேட்டுக்கு உள்ளே கார் வருமா என்று கேட்டுக்கொள்.

---

கேட்டவர்: புதுவீட்டுக்காரன்

அண்ணாச்சி, கார் இல்லை, ஸ்கூட்டர்தான், அதுவும் கேட்டுப் பக்கத்திலேயே நின்றுவிடும். நீங்கள் சொன்னபடியே செய்யப் போகிறேன். அக்கா, குழாய் விஷயம் நல்ல நேரத்தில் சொன்னீர்கள், நான் யோசிக்கவே இல்லை.

நேற்று மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். "கருங்கல்தான் சார், கடப்பா விலைக்கே தருகிறேன்" என்று ஒரு கறுப்புப் பட்டையைக் காட்டினார். எனக்கு நிஜமாகவே வித்தியாசம் தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

---

பதில் 6: சாத்தூர் பழைய மேஸ்திரி

பாலிஷ் போட்ட ஒரு துண்டு கேட்டு வாங்கிவா. அதன் மேல் எலுமிச்சம்பழச் சாறு 4 சொட்டு விட்டு, கால் மணி நேரம் கழித்துத் துடை. பளபளப்பு போய் வட்டமாகத் தடம் விழுந்தால் அது சுண்ணாம்புக்கல் ஜாதி, கடப்பா. கருங்கல்லில் ஒன்றும் ஆகாது. இன்னொன்று, உடைந்த முனையைப் பார். கருங்கல்லில் மினுமினுவென்று மணி மணியாகத் தெரியும். கடப்பா மாவரைத்த மாதிரி ஒரே சீராக இருக்கும். இதனால்தான் கடப்பா போட்ட இடத்தில் பாத்ரூம் ஆசிட் ஊற்றிக் கழுவாதே என்று நான் போகிற வீட்டிலெல்லாம் சொல்வேன், யார் கேட்கிறார்கள்?

---

கேட்டவர்: புதுவீட்டுக்காரன்

தடம் விழுந்தது அண்ணாச்சி, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு. கடைக்காரரிடம் காட்டினேன். "எலுமிச்சம்பழத்தோடு வருகிற முதல் ஆள் நீங்கள்தான்" என்றார். பாலையம்பட்டி பக்கம் ஒரு பழைய வீடு இடிக்கிறார்களாம், நாளைக்குக் காலையில் கல்லைப் பார்க்கப் போகிறேன். அப்பாவும் வருகிறேன் என்று கைத்தடியைத் துடைத்து வைத்திருக்கிறார்.