பட்டினியும் கால்சியமும்: உங்க பறவைக்கு நேர்ந்ததைச் சொல்லுங்க

கம்பிக்கூண்டு:
சாம்பல் கிளி. சூரியகாந்தி விதை தவிர எதையும் தொடாது. அதுல பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் சொற்பம்னு எனக்கும் தெரியும்தான். வேற எது வச்சாலும் தட்டைக் கவுத்துட்டு நாள் முழுக்கப் பட்டினி கிடக்கும், கடைசில நான்தான் தோப்பேன். ஒரு நாள் காலைல தலையைப் பின்னால சாய்ச்சுது, தொப்புனு கீழே விழுந்துது. வலிப்பு. விரல் எல்லாம் இறுக மூடியிருந்துது. நான் பிரிக்கப் பார்த்தேன், முடியல. கால்சியம் ஊசி போட்டப்புறம்தான் மெல்ல விரிஞ்சுது.

அடைக்கோழி:
எனக்கு நேர்மாறா நடந்தது. அடையில இருந்த பெட்டை, நாளுக்கு ஒரு தடவை இறங்கி நாலு கொத்து கொத்திட்டு மறுபடி ஏறிடும். நெஞ்செலும்பு கத்தி மாதிரி ஆயிடுச்சு. பயந்துபோய் ரத்தம் எடுத்தா, 100 மில்லிக்கு 10 மில்லிகிராம் கால்சியம். கூட வளர்ற முட்டைக்கோழிக்கு 25. பட்டினிதான் உறிஞ்சிடுச்சுன்னு நான் அழாத குறை. மருத்துவர் சிரிச்சுட்டார். முட்டையிடுறப்பதான் 20-30 இருக்குமாம். மஞ்சள் கருவுக்குப் போற புரதத்தோட கால்சியமும் ஒட்டிக்கிட்டு ரத்தத்துல ஓடுது. முட்டை நின்னா 10 சாதாரணம்.

வைக்கோல்போர்:
அடைக்கோழி சொல்றதை வச்சு "பட்டினியால ஒண்ணும் ஆகாது"ன்னு யாரும் நினைச்சுடாதீங்க. அடை வேற, முட்டையிடுற கோழி பசியோட கிடக்குறது வேற. ஒரு ஓட்டுக்கு 2 கிராமுக்கு மேல கால்சியம் வேணும். ஓடு கட்டுறது பெரும்பாலும் ராத்திரில, அப்ப இரைப்பை காலியா இருந்தா எலும்பைக் கரைச்சுத்தான் எடுக்கும். நான் ரெண்டு நாள் தீனி வைக்காம விட்டுட்டேன் (காரணம் கேக்காதீங்க). மூணாம் நாள் ஓடில்லாத தோல்முட்டை. வெதுவெதுன்னு இருந்துது, விரல் பட்ட இடம் குழிஞ்சு அப்படியே நின்னுது.

பருந்துப்பார்வை:
பட்டினில சாகலைங்க, சோத்துல செத்துச்சு. எலும்பும் தோலுமா கிடந்த பருந்துக்குட்டி. பாவப்பட்டு வயிறு முட்ட இறைச்சி குடுத்தேன். மறுநாள் ராத்திரி கழுத்தைத் தூக்க முடியல. ரொம்ப நாள் காஞ்ச உடம்புக்குத் திடீர்னு தீனி போனா ரத்தத்துல இருக்குற பாஸ்பரஸும் பொட்டாசியமும் செல்லுக்குள்ள ஓடிடுமாம். அது ஆசையா விழுங்கின வேகம் இருக்கே, அதை மறக்க முடியல.

கிளிஞ்சல்மூட்டை:
எனக்கும் ஒரு தடவை தோல்முட்டை வந்துச்சு, அவ்ளோதான். ஆனா எல்லாரும் இதைக் கவனிங்க. கிளிஞ்சலைப் பொடியா வேண்டாம், கரகரப்பா உடைச்சு சாயங்காலம் வைங்க, ராத்திரி முழுக்க மெல்லக் கரையும். தனிக் கிண்ணத்துல வைங்க. குஞ்சுக்கும் சேவலுக்கும் கால்சியம் அதிகமான முட்டைக்கோழித் தீனியே போட்டா சிறுநீரகம் கெட்டுடலாம். கீரைல கால்சியம்னு பசலையை அள்ளிப் போடாதீங்க, அதுல இருக்குற ஆக்சலேட் கால்சியத்தை உடம்புல சேர விடாது. கூண்டை ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால வச்சுட்டு வெயில் படுதேன்னு நினைக்காதீங்க. வைட்டமின் டி உண்டாக்குற கதிரைக் கண்ணாடி தடுத்துடும், டி இல்லாம கால்சியம் உடம்புல ஏறாது. கம்பிக்கூண்டு, நீங்க முதல்லயே கணவாய் ஓடு கட்டித் தொங்கவிட்டிருக்கணும்.

கம்பிக்கூண்டு:
கட்டியிருந்தேன். அதை ஊஞ்சலாக்கி ஆடிச்சுங்க.

இப்ப உருண்டைத் தீனிக்கு மாறிடுச்சு, 2 மாசம் ஆச்சு பழக்க. பட்டினி போட்டு இல்ல, கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து. விதை டப்பா மூடி திறக்குற சத்தம் கேட்டா மட்டும் இன்னும் கழுத்தை நீட்டும்.