பூச்சிப் படத்துக்குக் கைவேலை லென்ஸ் போதுமா?

தலைகீழ்லென்ஸ்:
போன வாரம் ஒரு பொறிவண்டுப் படம் போட்டிருந்தேன். பழைய ஃபிலிம் காமிராவின் 50 எம்எம் லென்ஸைத் திருப்பி மாட்டி எடுத்தது. அதற்கு நூறுஎம்எம் அண்ணா எழுதிய பதில்: "இதெல்லாம் பள்ளிக்கூடத்து சயின்ஸ் ப்ராஜெக்ட். பூச்சி எடுக்க ஆசையிருந்தால், சின்னதைப் பெரிதாக எடுக்கவே செய்த மேக்ரோ லென்ஸ் வாங்கு, இல்லையென்றால் பூ எடு." அந்தப் படத்தின் கீழேயே நீட்ட வேண்டாம் என்று தனி இழை தொடங்குகிறேன்.

என் கட்சி இதுதான்: வீட்டுத் தோட்டத்துப் பூச்சிகளுக்குக் கைவேலையே போதும். லென்ஸின் முன்பக்க மரையில் மாட்டும் ரிவர்ஸ் ரிங் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 50 எம்எம்மைத் திருப்பினால் கிட்டத்தட்ட உயிரளவு, அதாவது ஒரு செ.மீ. பூச்சி சென்சாரிலும் ஏறக்குறைய ஒரு செ.மீ. விழும். 28-ஐத் திருப்பினால் இரண்டு மடங்கு. காமிராவோடு வரும் 18-55 கிட் லென்ஸை 18-இல் வைத்துத் திருப்பினால் மூன்று மடங்கைத் தாண்டும். மேக்ரோ என்று பெயர் போட்டு விற்கும் பெரும்பாலான லென்ஸ்கள் உயிரளவோடு நின்றுவிடுகின்றன. மாஸ்கோக்காரர் அலெக்ஸேய் க்ல்யாதோவ், ஒரு சின்ன கேனான் காமிராவுக்கு முன்னால் சோவியத் காலத்து ஹீலியோஸ் லென்ஸைத் திருப்பி வைத்து, இரண்டையும் ஒரு பலகையில் பொருத்தி எடுத்த பனித்துகள் படங்களைப் பாருங்கள். அப்புறம் சொல்லுங்கள்.

நூறுஎம்எம்:
பனித்துகளுக்குக் கால் கிடையாது தம்பி. கிட்டே போனால் பறந்து போகாது.

உன் படத்தைக் கேலி செய்யவில்லை. கணக்கைச் சொல்கிறேன். எஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த) காமிராவின் லென்ஸைத் திருப்பினால், அதன் மவுன்ட், அதாவது காமிராவில் மாட்டும் பக்கம், இப்போது பூச்சியைப் பார்க்கிறது. மவுன்டுக்கும் சென்சாருக்கும் இருந்த தூரம் கேனானில் 44 மி.மீ., நிக்கானில் 46.5 மி.மீ. மடங்கு ஏற ஏற, பூச்சிக்கும் லென்ஸுக்கும் நடுவே உள்ள இடைவெளி அந்தத் தூரத்தை நோக்கிச் சுருங்கும். உன் 50 எம்எம்மில் ஒன்பது பத்து செ.மீ. இருக்கும், சமாளிக்கலாம். பெருமையாகச் சொன்னாயே 18, அதில் ஐந்து செ.மீ. கூட முழுசாகத் தேறாது. கேனானின் 100 எம்எம் மேக்ரோ உயிரளவில் லென்ஸ் முனையிலிருந்து 14, 15 செ.மீ. விடும். ஒரு தட்டானுக்கு அந்த வித்தியாசம் உட்காருவதா பறப்பதா என்பது.

இதன் அடுத்த கட்டம்தான் எனக்குக் கோபம். கிட்டே போனால் பூச்சி ஓடுகிறது, உடனே ஒரு டப்பாவில் பிடித்து ஃபிரிட்ஜில் வைக்கிறார்கள். ஒரு போட்டிக்குப் படம் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தபோது வந்த கும்பிடுபூச்சிகளில் பாதி ரோஜா மேல் விறைத்து நின்றன, உடம்பு முழுக்க ஒரே மாதிரி நுண்துளி. காலைப் பனியாம். வெயில் சித்திரையில் எந்த ஊரில் பனி? கைவேலை லென்ஸ்காரர்கள்தான் இதை அதிகம் செய்கிறார்கள். உபகரணம் உங்களை அங்கே தள்ளுகிறது.

தலைகீழ்லென்ஸ்:
அண்ணா, தூரத்தைக் குறைப்பது விலை இல்லை, மடங்கு. கேனான் 1999-இல் கொண்டுவந்த எம்பி-இ 65 எம்எம், பூச்சி எடுப்பவர்கள் கனவு காணும் லென்ஸ். உயிரளவிலிருந்து ஐந்து மடங்கு வரை போகும். ஐந்து மடங்கில் அது விடும் இடைவெளி எவ்வளவு? 41 மி.மீ. என் 18-55 பரவாயில்லை என்று தோன்றுகிறதா?

ஃபிரிட்ஜ் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். ஆனால் பழியைச் சரியான இடத்தில் போடுங்கள். பூச்சியை அசையாமல் நிறுத்தியே ஆக வேண்டும் என்ற அவசியம் யாருக்கு? ஒரே பூச்சியை ஃபோகஸ் மாற்றி மாற்றி ஐம்பது நூறு படம் எடுத்து ஒட்டுகிறவர்களுக்கு. அவர்களிடம் காமிராவைத் துளித்துளியாக நகர்த்தும் ரெயில், ட்ரைபாட், விலையுயர்ந்த லென்ஸ் எல்லாம் இருக்கிறது. கையில் பிடித்துக்கொண்டு ஒரே கிளிக்கில் எடுக்கும் எனக்கு ஃபிரிட்ஜ் எதற்கு?

இன்னொன்று, கிட்டே இருப்பதில் லாபமும் உண்டு. ஃபிளாஷுக்கு முன்னால் டிரேசிங் பேப்பரை வளைத்து லென்ஸ் முனை வரை இழுத்து விட்டால், ஐந்து செ.மீ. தூரத்தில் இருக்கும் வண்டுக்கு அது பாதி வானம். ஓட்டில் கண்ணைக் குத்தும் வெள்ளைப் புள்ளி விழாது. உங்கள் 15 செ.மீ. தூரத்தில் அதே மென்மை வேண்டுமென்றால் காகிதம் மூன்று மடங்கு அகலம் வேண்டும், அதைத் தூக்கிக்கொண்டு செம்பருத்திச் செடிக்குள் நுழைந்து பாருங்கள். ஃபிளாஷைக் குறைந்த சக்தியில் வைத்தால் ஒளி வினாடியில் பல்லாயிரத்தில் ஒரு பங்குதான் நீடிக்கும். கை ஆடினாலும் காற்றடித்தாலும் படம் உறைந்துவிடும்.

கோலிக்குண்டு:
பெரியவர்கள் பேசும் இடத்தில் ஒரு மொபைல்காரன். செத்துப்போன டிவிடி டிரைவைப் பிரித்து அந்தக் குட்டி லென்ஸை எடுத்து, ஹேர்பின்னில் செருகி, மொபைல் காமிரா மேல் டேப் போட்டு ஒட்டினேன். இடைவெளி சில மில்லிமீட்டர்தான். எறும்பு மீசையால் லென்ஸைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அதற்கே பயமில்லை, உங்களுக்கு ஏன் இவ்வளவு தூரக் கணக்கு?

(பிரிக்கிறவர்கள் டிரைவுக்குக் கரன்ட் கொடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் லேசர் கண்ணுக்கு ஆபத்து.)

தும்பைப்பூ:
நூறுஎம்எம், தலைகீழ்லென்ஸ் தம்பி, இரண்டு பேரும் படத்தை யாருக்காக எடுக்கிறீர்கள் என்பதைச் சொல்லவே இல்லை.

நான் தோட்டத்தில் எது எதைத் தின்கிறது என்று பதிவு செய்பவள். என் பார்வையில் ஃபிரிட்ஜ் படத்தின் குற்றம் கொடுமை மட்டுமில்லை, அதில் தகவலும் செத்துவிடுகிறது. முசுறு எறும்பைப் போலவே வேடம் போடும் ஒரு குதிக்கும் சிலந்தி நம் மாமரங்களில் உண்டு. முன்னங்கால் இரண்டையும் தூக்கி மீசை மாதிரி ஆட்டிக்கொண்டே நடக்கும். எறும்பு என்று கடந்துபோன பின், இரண்டு மடங்கு படத்தில் பெரிய முன்கண்கள் தெரிந்தால்தான் ஆள் யாரென்று புரியும். அதைக் குளிர வைத்தால் கால் மடங்கி, வேடம் கலைந்து, வெறும் சிலந்தி கிடக்கும். அந்தப் படத்தை வைத்து நான் என்ன செய்வது?

பூச்சி அசையாமல் இருக்கும் நேரம் தானாகவே வரும். நீலவரித் தேனீயின் ஆண்கள் பொழுது சாயும் நேரத்தில் காய்ந்த குச்சியைத் தாடையால் கவ்விக்கொண்டு தூங்கும், பல சமயம் வரிசையாக. இடம் பிடித்திருந்தால் மறுநாளும் அங்கேயே வரும். சென்னை வெக்கையிலும் வரும், அதற்குக் குளிர் வேண்டியதில்லை. அப்போது உங்கள் ஐந்து செ.மீ.யும் சரி, பதினைந்து செ.மீ.யும் சரி.

கோலிக்குண்டுவைச் சிரித்துத் தள்ளாதீர்கள். 2008-இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி புகுந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் வெள்ளையாக மூடியது பலருக்கு நினைவிருக்கும். அதை அடக்கியது 2010-இல் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஒரு பொடிக் குளவி. மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். உள்ளே வளர்ந்த குளவி ஓட்டை போட்டு வெளியே வந்திருந்தால் மருந்து அடிக்கத் தேவையில்லை, அடித்தால் குளவிதான் சாகும். அந்த ஓட்டை வெறும் கண்ணுக்குத் தெரியாது, ஹேர்பின் லென்ஸுக்குத் தெரியும். மாவுப்பூச்சியைத் தின்னும் ஒரு பொறிவண்டின் புழுவும் உடம்பெல்லாம் வெள்ளை மெழுகோடு மாவுப்பூச்சி போலவே இருக்கும். நல்லது செய்ய வந்ததையே நசுக்கிப் போடுகிறவர்கள் நிறைய. அவர்களிடம் போய் அரை லட்சம் ரூபாய் லென்ஸ் வாங்கு என்பீர்களா?

நூறுஎம்எம்:
அடையாளம் காணத்தான் படம் என்றால் என் வாதம் இன்னும் பலமாகிறது டீச்சர். அடையாளத்துக்கு நுணுக்கம் வேண்டும். அதை இந்தக் கைவேலை லென்ஸ்காரர்கள் எப்படிக் கெடுக்கிறார்கள் தெரியுமா? இரண்டு மடங்கில் அபர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, எஃப் 8-இல் வைத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் கால் மி.மீ.தான். கண் தெரிந்தால் கொம்பு தெரியாது. உடனே அபர்ச்சரை எஃப் 16-க்கு மூடுகிறார்கள். மடங்கோடு ஒன்றைக் கூட்டி எஃப் எண்ணால் பெருக்குங்கள்: 16 பெருக்கல் 3, 48. படத்தில் உண்மையில் வேலை செய்வது ஏறக்குறைய எஃப் 48. சின்னத் துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவி, மயிரெல்லாம் கரைந்து மாவாகும். எடிட்டிங்கில் ஷார்ப்பனை இழுத்துவிட்டு "செம டீட்டெயில்" என்று தலைப்பு வேறு.

தூசியையும் யாரும் பேசவில்லை. திருப்பி மாட்டிய லென்ஸின் பின்பக்கம் திறந்து கிடக்கிறது. லென்ஸுக்கும் காமிராவுக்கும் நடுவே பிவிசி குழாயை அறுத்துச் செய்த டியூப் என்றால் பிளாஸ்டிக் துருவலும் சென்சாருக்கு. அதைத் துடைக்க ஆகும் செலவைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

தலைகீழ்லென்ஸ்:
எஃப் 48 கணக்கு உங்கள் எம்பி-இ லென்ஸுக்கும் அதேதான் அண்ணா. எனக்குத் தெரிந்தவர்கள் இரண்டு மடங்கில் எஃப் 8-ஐத் தாண்டுவதில்லை. பூச்சியின் பக்கவாட்டுக்கு இணையாகக் காமிராவைப் பிடித்தால் கால் மி.மீ.யிலேயே பாதி உடம்பு வரும்.

குழாயின் உட்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து, கழுவி, மேட் கறுப்பு பெயின்ட் அடித்தால் துருவல் வராது. ஆனால் தூசி பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. மாட்டும்போது காமிராவைக் கவிழ்த்துப் பிடிக்கிறேன், அவ்வளவுதான்.

பழையலேப்காரன்:
கல்லூரி இயற்பியல் லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். லென்ஸைத் திருப்பாமலே ஒரு வழி இருக்கிறது.

உடைந்த பைனாகுலர் பழைய சாமான் கடையில் கிடைக்கும். அதன் முன்கண்ணாடியைக் கழற்றுங்கள். 7x50 வகை என்றால் குவிதூரம் ஏறக்குறைய 20 செ.மீ., அதாவது லென்ஸின் சக்தி 5 டயாப்டர். அது இரண்டு கண்ணாடி ஒட்டிய லென்ஸ், நிறம் பிரியாமல் இருக்கச் செய்தது. பூதக்கண்ணாடி மாட்டினால் ஓரத்தில் ஊதாக்கோடு வரும், இதில் அது வெகுவாகக் குறையும். 55-250 ஜூம் லென்ஸ் முன்னால் பொருத்தி, 250-இல் வைத்து, ஃபோகஸை முடிவிலியில் விடுங்கள். 250-ஐ 200-ஆல் வகுத்தால் ஒன்றேகால் மடங்கு. பூச்சி 20 செ.மீ. தள்ளி இருக்கும். காமிரா திறக்கப்படவில்லை, தூசி இல்லை. அபர்ச்சர், ஆட்டோஃபோகஸ் இரண்டும் வழக்கம்போல வேலை செய்யும்.

நூறுஎம்எம் சார் சொன்ன தூரமும் கிடைத்தது, தம்பி சொன்ன விலையும் கிடைத்தது.

நூறுஎம்எம்:
ஐயா, வழி நல்ல வழி. ஆனால் இதையே ஒழுங்காகச் செய்து ரேய்னாக்ஸ் என்று கடையில் விற்கிறார்கள், 8 டயாப்டர், கிளிப் போட்டு மாட்டலாம். 250-இல் இரண்டு மடங்கு. பைனாகுலர் கண்ணாடி இவ்வளவு கிட்டத்தில் பார்க்கச் செய்ததில்லை, மூலைகள் இழுபடும். நான் மேக்ரோ லென்ஸிலிருந்து இறங்கவில்லை. வேண்டுமானால் ரேய்னாக்ஸ் வரை வருவேன்.

கோலிக்குண்டு:
பூச்சி நடுவில்தானே உட்காரும் சார். மூலையில் இலை இழுபட்டால் இலை கோபித்துக்கொள்ளுமா?

தும்பைப்பூ:
எந்த லென்ஸோ போடுங்கள். இந்த இழையில் படம் போடுகிறவர்கள் எடுத்த நேரத்தையும், பூச்சி எந்தச் செடியில் இருந்தது என்பதையும், தொட்டு நகர்த்தினீர்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

நூறுஎம்எம்:
நகர்த்தியவன் நகர்த்தினேன் என்று எழுதுவானா டீச்சர்?

தலைகீழ்லென்ஸ்:
ஐயா, பைனாகுலர் கண்ணாடி 50 மி.மீ. இருக்கிறது, என் ஜூமின் மரை 58. நடுவில் எப்படி நிறுத்துவது? ஃபெவிக்விக் போட்டு ஒட்டலாமா?

பழையலேப்காரன்:
போடவே போடாதே. காயும்போது அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். 58 மி.மீ. பழைய ஃபில்டர் ஒன்றின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வளையத்தை மட்டும் எடு. கறுப்பு அட்டையில் நடுவே 48 மி.மீ. ஓட்டை போட்ட வட்டம் இரண்டு வெட்டி, கண்ணாடியை நடுவில் வைத்து வளையத்துக்குள் அழுத்து. ஆட்டம் இருந்தால் ஓரத்தில் எம்-சீல் ஒரு நூல் போல. அதிகம் வளைந்த பக்கம் பூச்சியைப் பார்க்க ஒரு முறை, காமிராவைப் பார்க்க ஒரு முறை வைத்து எடுத்துப் பார். எது தெளிவோ அதை வைத்துக்கொள்.