புதுப்பிப்பு: அந்திக் கடலில் துடித்த வெள்ளைப் புள்ளிகள் அடங்கிவிட்டன

போன வாரம் கேட்டிருந்தேன்: பிளெண்டர் 3டி மென்பொருளின் சைக்கிள்ஸில் (ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டுப் படம் வரையும் பகுதி) அந்திநேரக் கடல், ஃபிரேமுக்கு ஃபிரேம் வெள்ளைப் புள்ளிகள் துடிக்கின்றன, சாம்பிளை (பிக்சலுக்கு எத்தனை கதிர் கணக்கிடுவது) 4096 வரை ஏற்றியும் அடங்கவில்லை என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. சரியாகிவிட்டது.

கோளாறு சாம்பிளில் இல்லை. தண்ணீருக்கு ரஃப்னெஸ் (பரப்பின் சொரசொரப்பு) 0 வைத்திருந்தேன். தூரத்தில் ஒரே பிக்சலுக்குள் பல சிற்றலைகள் அடங்கிவிடும். கண்ணாடிபோல வழவழப்பான அந்தச் சரிவுகளில் எது சூரியனைக் காட்டும் என்பது கதிருக்குக் கதிர் மாறும். கேமராவின் பக்கத்தில் 0.02, அடிவானம் போகப் போக 0.15 என்று ரஃப்னெஸை ஏற்றினேன். புள்ளிகள் கரைந்து, கரையில் நின்றால் தெரியுமே, அந்த நீளமான பொன் பாதை விழுந்தது! அவ்வளவு சந்தோஷம்.

காஸ்டிக்ஸை (தண்ணீர், கண்ணாடி வழியாக ஒளி குவிந்து விழும் திட்டுகள்) அணைத்தேன், இண்டைரக்ட் கிளாம்ப் (பட்டுத் தெறித்து வரும் ஒளிக்கு உச்சவரம்பு) 10. மிச்சப் புள்ளிகளைத் துடைக்கும் டீநாய்ஸரோடு 512 சாம்பிளே போதும். ஐஓஆர் (ஒளிவிலகல் எண்) 1.333, அதில் கை வைக்கவில்லை.

அலைகளை உருவாக்கும் ஓஷன் மாடிஃபையரில் ரெசல்யூஷனை 16-இலிருந்து 32 ஆக்கச் சொன்னவர்கள் கவனிக்கவும்: அது இரட்டிப்பு இல்லை. பக்கத்துக்கு 256 கட்டம் 1024 ஆகிறது, மொத்தம் 16 மடங்கு. நான் 24-இல் நிறுத்திக்கொண்டேன்.

நுரை மட்டும் பாக்கி. பேக் செய்தால்தான் (முன்கூட்டியே கணக்கிட்டுச் சேமித்தால்தான்) அடுத்தடுத்த ஃபிரேம்களிலும் தங்கும். இன்று ராத்திரி ஓடவிடுகிறேன்.