ஃப்ரெட்லெஸ் பழகிட்டு அப்ரைட் பேஸுக்கு போறதா, இல்ல நேராவே போயிடலாமா?

நாலுதந்தி:
வணக்கம் மக்களே. நான் பல வருஷமா பேண்டுல ஃப்ரெட் (கழுத்துல சுரத்துக்கு சுரம் பதிச்சிருக்கற உலோகக் கம்பி) போட்ட எலக்ட்ரிக் பேஸ் கிடார்தான் வாசிக்கிறேன், இப்போ ஜாஸ் பக்கம் காது போயிடுச்சு, ரான் கார்ட்டர், பால் சேம்பர்ஸ்னு ஜாஸ் பேஸ் கலைஞர்கள கேட்டுக் கேட்டு அப்ரைட் (நிக்க வெச்சு வாசிக்கிற பெரிய மர பேஸ், டபுள் பேஸ்) மேல பயங்கர ஆசை. ஆனா அவ்ளோ பெரிய வாத்தியத்த பாத்தாலே கொஞ்சம் உதறுது. அதனால முதல்ல ஃப்ரெட்டே இல்லாத ஒரு ஃப்ரெட்லெஸ் எலக்ட்ரிக் வாங்கி காதை பழக்கிட்டு அப்புறம் போலாமான்னு யோசனை. வாங்கினா ஃப்ரெட் இருக்க வேண்டிய இடத்துல கோடு போட்டதா போடாததா? இதுக்கு நடுவுல கூட வாசிக்கிற ஒருத்தர் "பேசாம செல்லோ கத்துக்கோயேன், கைக்கு அடக்கமா இருக்கும்"னு வேற குழப்பி விட்டுட்டார்.

மரப்பெட்டி:
அப்ரைட்தான் வேணும்னா அப்ரைட்டையே எடுங்க ப்ரோ. ஃப்ரெட்லெஸ் காதுக்கு உதவும், மறுக்கல, ஆனா கைக்கு ஒண்ணும் பெருசா சொல்லித் தராது. கணக்கு பாருங்க, எலக்ட்ரிக்ல தந்தி நீளம் 34 இன்ச், அதாவது சுமார் 86 செ.மீ., முக்கால் சைஸ் அப்ரைட்ல 105 செ.மீ. கிட்ட வரும். முதல் செமிடோன் (அரை டோன்) தூரம் எலக்ட்ரிக்ல 5 செ.மீ.க்கு கொஞ்சம் கம்மி, அப்ரைட்ல கிட்டத்தட்ட 6. அதனால ஃப்ரெட்டுக்கு ஒரு விரல்னு நீங்க பழகினது கீழ் பொசிஷன்ல (கழுத்தோட தலைப்பக்கம்) நடக்கவே நடக்காது. அப்ரைட்டுக்கு சிமாண்டல்னு ஒரு பாட முறை இருக்கு, அதுல ஆள்காட்டி, நடுவிரல், சுண்டுவிரல்தான், மோதிர விரல் சுண்டுவிரலுக்கு முட்டு குடுக்க மட்டும். ஒரு பொசிஷன்ல கைக்குள்ள அடங்கறது ஒரே ஒரு முழு டோன், மிச்சத்துக்கெல்லாம் கை நகந்துகிட்டே இருக்கணும், அந்த நகர்வுதான் வாத்தியமே.

எங்க நகர்றதுன்னு கண்ணால பாக்கவும் முடியாது, உடம்புதான் சொல்லணும். கழுத்து முடிஞ்சு பாடியில சேர்ற இடத்துல ஒரு வளைவு இருக்கும்ல, கட்டைவிரல் அங்க போய் முட்டும்போது ஜி தந்தில ஆள்காட்டி விரல் டி மேல உக்காரும் (சில பேஸ்ல இ ஃப்ளாட்). இருட்டுலயும் கண்டுபிடிச்சிடலாம். எலக்ட்ரிக்ல இந்த மாதிரி அடையாளம் கிடையாது. அப்புறம் கட்டைவிரலால பிடிச்சு நசுக்காதீங்க, கையோட எடைய தந்தி மேல தொங்க விடுங்க, இல்லன்னா மணிக்கட்டு காலி.

வழுக்குவிரல்:
மரப்பெட்டி அண்ணா சொல்றது சரிதான், ஆனா ஃப்ரெட்லெஸ்ஸ வெறும் ஏணி மாதிரி பேசறது எனக்கு ஒப்பல. அது தனி வாத்தியம். ஃப்ரெட்லெஸ் வாசிச்சே பேர் வாங்கின ஜாக்கோ பாஸ்டோரியஸ் 1976ல முதல் ஆல்பம் போட்டப்போ யாரும் "சரி, எப்போ அப்ரைட் எடுக்கப் போற"ன்னு கேக்கல. அந்த 'ம்ம்வா'ன்னு நீளமா பாடற சவுண்ட் அப்ரைட்ல அந்த மாதிரி வராது, தந்தி மரத்தை ஒட்டி தாழ்வா இருந்து லேசா உரசினாத்தான் வரும்.

கோடு விஷயம்: கோடு போட்டதே வாங்குங்க, எவன் கிண்டல் பண்ணாலும் பண்ணட்டும். ஆனா ஒண்ணு, ஃப்ரெட் இருக்கறதுல விரலை ஃப்ரெட்டுக்கு பின்னாடி வெப்போம், இதுல கோட்டுக்கு நேர் மேல வெக்கணும், பழைய பழக்கத்துல பின்னாடி வெச்சா எல்லாமே கம்மி சுருதியா அழுதுகிட்டே இருக்கும். கோடு இல்லாதது வாங்கினா சைட்ல இருக்கற புள்ளி எங்க இருக்குன்னு செக் பண்ணுங்க, பெரும்பாலும் சுரம் வர்ற இடத்துலயே இருக்கும், சிலதுல பழைய மாதிரி ரெண்டுக்கும் நடுவுல. ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுத்தின சொரசொரப்பான) தந்தி போட்டா ஃபிங்கர்போர்டை, அதாவது விரல் அழுத்தற பலகைய அரிச்சிடும், ஜாக்கோ அதுமேல எப்பாக்ஸி பிசின் பூசினதே அதுக்குத்தான். உங்களுக்கு வழவழப்பான ஃப்ளாட்வவுண்டே போதும்.

தாழ்சுரம்:
செல்லோ வாசிக்கிற ஆளா ஒண்ணு சொல்றேன், கைக்கு அடக்கம்ங்கறதுக்காக மட்டும் செல்லோ எடுக்காதீங்க. அதோட தந்திங்க சி-ஜி-டி-ஏ, ஒண்ணுக்கொண்ணு அஞ்சாம் சுர இடைவெளி, நீங்க பேஸோட நாலாம் சுர இடைவெளில பழகின விரல் ஷேப் எதுவும் செல்லாது. ரான் கார்ட்டர் செல்லோல ஆரம்பிச்சுதான் பேஸுக்கு வந்தார், உண்மை, ஆனா சின்ன வயசுல.

அப்ரைட் எடுத்தா வில்லை ஒதுக்கி வெக்காதீங்க, ஜாஸ்தான் வாசிக்கப் போறேன்னாலும் சரி. விரலால மீட்டினா சத்தம் சட்டுனு அடங்கிடும், சுருதி தப்பினது தெரியறதுக்குள்ள அடுத்த சுரம் வந்துடும். வில் போட்டு ஒரு சுரத்தை இழுத்து நிறுத்திப் பாருங்க, ஒளிய இடமே இருக்காது. பால் சேம்பர்ஸ் வில்லுல சோலோவே வாசிப்பார். கீழ சுருதி ட்ரோன் ஒண்ணை ஓட விட்டு மெதுவா ஸ்கேல் வாசிச்சா போதும். மில்லிமீட்டர் கணக்குல பாத்தா வயலின்காரங்க பாடு இன்னும் மோசம், அங்க முதல் செமிடோனே 2 செ.மீ. கூட வராது.

நாலுதந்தி:
நன்றி எல்லாருக்கும், செல்லோ ஆசைய இப்போதைக்கு மூட்டை கட்டியாச்சு. அப்ரைட்டே எடுக்கறேன். வில்லுல ஃப்ரெஞ்சு, ஜெர்மன்னு ரெண்டு இருக்காமே, எது எடுக்கட்டும்?

மரப்பெட்டி:
சொல்லித் தர்றவர் எது பிடிக்கிறாரோ அதையே எடுங்க. ஃப்ரெஞ்சுல கை மேல இருந்து, செல்லோ மாதிரி, ஜெர்மன்ல உள்ளங்கை பக்கவாட்டுல, ரம்பம் பிடிக்கிற மாதிரி. ரெண்டுலயும் கில்லாடிங்க இருக்காங்க. ரோசின் (வில்லுல தேய்க்கிற பிசின்) மட்டும் பேஸுக்குன்னு தனியா கேட்டு வாங்குங்க, வயலினோடது ரொம்ப காய்ஞ்சது, இவ்ளோ தடிமன் தந்திய பிடிக்காது. வாத்தியத்த முதல்ல வாடகைக்கு எடுங்க, தந்தி ரொம்ப உயரமா நின்னா தந்திய தாங்கற மரத்துண்டை, அதாவது பிரிட்ஜை இறக்கித் தரச் சொல்லி வாங்குங்க. உயரமா இருக்கற தந்தியோட மல்லுக்கட்டித்தான் பாதிப்பேர் விட்டுட்டே போறாங்க.